முப்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து

நீலாம்பாளிடம் இருந்த ரேடியோ புத்தகம் முப்பத்து மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்கியது. முன்பக்கங்களை யார் கிழித்தார்களோ தெரியாது. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய புத்தகக் கடைக்கு வரும்போதே அது தலையில்லாமல்தான் வந்திருந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அண்ணன் காந்திமதிநாதன் தனக்காக வாங்கிவந்தான். இரண்டு நாள் புரட்டினான். "மண்ட காயுது" என்று ஜன்னல் ஓரம் எறிந்தான். எடுத்து வைத்துக்கொண்டவள் தங்கச்சி.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்பா தவறியதும் அம்மா பார்வதியம்மாளின் மூட்டுகள் மடங்க மறுத்தன. அடுக்களைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான் கதை. யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

முப்பத்து மூன்றாம் பக்கத்தின் முதல் வரி இப்படி இருந்தது: "மேற்கூறிய விதியின்படி, தடை இரு மடங்கானால் நேர்வது என்ன என்பது வாசகர்களுக்கு இப்போது எளிதில் விளங்கும்." நீலாம்பாளுக்கு விளங்கவில்லை. மேலே என்ன கூறினார்கள் என்று யாரிடம் கேட்பது? வாசலுக்கு யாராவது வந்தாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண் அவள். ஆகவே கேட்காமல் பார்த்தாள். டார்ச் பேட்டரி, சின்ன பல்பு, அப்பா விட்டுப்போன பாடாத ரேடியோவிலிருந்து பிடுங்கிய கோடு போட்ட ரெசிஸ்டன்ஸ்கள். ஒன்றை மாட்டினால் பல்பு மங்கியது. இரண்டை வரிசையாக மாட்டினால் இன்னும் மங்கியது. பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், அட, பிரகாசமானது. நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டாள்: "தடை கூடினால் ஓட்டம் குறையும். தள்ளுகிறது கூடினால் ஓட்டம் கூடும்." ஈயம் பிடிக்க வைக்கும் பேஸ்ட் தீர்ந்தபோது பூஜை அறைக் குங்கிலியத்தைத் தொட்டுப் பற்றவைத்தாள். கொஞ்சம் பிடித்தது, கொஞ்சம் உதிர்ந்தது. வீடு முழுக்க வாசனை. "இன்னைக்கு என்ன வெள்ளிக்கிழமையா?" என்று பார்வதியம்மாள் அடுத்த அறையிலிருந்து கேட்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து அப்பாவின் ரேடியோ திருநெல்வேலி நிலையத்தைப் பிடித்தது. அன்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சத்தத்தைக் கேட்டு உள்ளே வந்த அண்ணன்தான் தெருவுக்கெல்லாம் சொன்னான். எப்படிச் சொன்னானோ, தெரு அதை அவன் செய்ததாக எடுத்துக்கொண்டது. அதன் பிறகு பாடாத ரேடியோவும் இழுக்கிற டேப்பும் வீடு தேடி வந்தன. வாங்கி வைப்பவன் காந்திமதிநாதன். திருப்பிக் கொடுப்பவனும் அவன். நடுவில் நடப்பது முன்னறையில், ஜன்னலை ஒட்டிய மேசையில், அவன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நடந்தது.

"காந்தி கை வச்சா கல்லும் பாடும்வே" என்று வாசலில் பேசுவார்கள். நீலாம்பாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. புகழை நேரில் வாங்க வேண்டுமென்றால் முகத்தைக் காட்ட வேண்டுமே.

ஒரே ஒரு முறைதான் பெயர் கெட்டது. பக்கத்துத் தெரு மைதீன் பாத்திமாவின் வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பியிருந்த டேப்ரிக்கார்டர். பழுது பார்த்து முடித்து, பாட வைத்துப் பார்க்கலாமென்று சுவிட்சைப் போட்டாள். உள்ளே பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம், பிறகு புகை. "தீ வைக்கத்தான்னா வீட்டுல நானே வச்சிருப்பேனே, அண்ணாச்சி" என்று மைதீன் பாத்திமா காந்திமதிநாதனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

தான் எங்கே தப்பு செய்தோம் என்று நீலாம்பாள் அந்த டேப்பைப் பத்து முறை திறந்து மூடினாள். தப்பு அதற்குள் இல்லை. அப்படியானால் வெளியே. காயலான் கடையில் உடைந்த வோல்டேஜ் பூஸ்டர் ஒன்றிலிருந்து முள் ஆடும் மீட்டரை அண்ணனை விட்டு வாங்கிவரச் சொல்லி, சுவரில் மாட்டி, வீட்டுக்கு வரும் கரண்டின் அளவைக் காலை, மதியம், விளக்கு வைக்கும் நேரம் என்று மூன்று வேளை குறித்தாள். நூற்று எழுபது வோல்ட். நூற்று எண்பது. நூற்று எழுபத்தைந்து. இருநூற்று முப்பது வர வேண்டிய இடத்தில் சோகை பிடித்த கரண்டு. ஆனால் மாதத்தில் ஒரு நாள் மட்டும் முள் எழுந்து இருநூற்று ஐம்பதைத் தொட்டது. நாலாவது மாதம் அந்த நாளில் சுவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, ஊர் வழக்கத்தைவிட அமைதியாக இருப்பது காதில் பட்டது. என்ன குறைகிறது என்று யோசித்தாள். அரிசி மில் சத்தம். ஆற்றுக்குப் போகும் ரோட்டில் வரிசையாக நாலு அரிசி மில். பகலெல்லாம் தடதடவென்று ஓடுபவை. அன்று ஒன்றும் ஓடவில்லை. நாள்காட்டியைப் பார்த்தாள். அமாவாசை. மில்காரர்கள் எந்திரத்தைக் கழுவிப் பொட்டு வைத்துப் பூட்டிவிட்டுப் போகிற நாள்.

நோட்டில் எழுதினாள்: "அமாவாசைக்கு மில்லுகள் குடிக்காத கரண்டு வீட்டுக்கு வந்து பொங்குகிறது."

யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் தன் மேசையில் எதையும் மாட்ட மாட்டாள். அன்றைக்கென்று வீட்டில் பல்பு போகும். "அமாவாச ஒரு பலி கேக்கும். பல்போட போகட்டும்" என்று பார்வதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நீலாம்பாள் புது பல்பை மறுநாள்தான் மாட்டுவாள்.

இப்படி அவளுக்கு இருபத்து நாலு வயது ஆனது. அந்த வருஷம் வைகாசியில் அண்ணனுக்குக் கல்யாணம். மதினி பாளையங்கோட்டைக்காரி. பெயர் அனுராதா. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, அதன்மேல் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவள்.

வந்த மறுநாளே கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை முன்னறையில் மாட்ட ஆணி அடித்தாள். எதை வைத்து அடித்தாள்? நீலாம்பாளின் டெஸ்டரின் பின்புறத்தை வைத்து. கைப்பிடி விரிசல் விட்டுப்போயிற்று. "அய்யோ, இது என்னது நீலா, அவுக சாமானா?" என்று கேட்டாள். 'அவுக' என்றது புருஷனை. ரேடியோ பார்ப்பது தான்தான் என்று பெண் பார்க்கப் போன இடத்திலேயே அண்ணன் சொல்லியிருந்தான் என்பது நீலாம்பாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஆமா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

அன்றிலிருந்து மதினியைப் பார்ப்பது அவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது. பார்க்கக் கூடாது என்று நினைப்பாள், கண் போய்விடும். அனுராதா இங்கிலீஷ் பேப்பரை நின்றுகொண்டே படிப்பாள், தேங்காய் துருவும்போது ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி கேட்டுத் தலையாட்டுவாள். எட்டு மணிக்கே கொட்டாவி விடும் அண்ணன், அவள் மெமரி என்றும் டிஸ்க் என்றும் சொல்லச் சொல்ல வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பான். ஏழு வருஷமாகத் தங்கச்சி ஒரு ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது 'இது என்ன' என்று ஒரு நாள் கேட்டிருப்பானா? கண்டென்சர் என்ற சொல்லை அவன் உச்சரித்ததுகூட இல்லை.

அனுராதா கெட்டவள் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. கெட்டவளாக இருந்தால் ஒரு ஆறுதல் இருக்கும். அவள் தன் பூவைக் கிள்ளி நீலாம்பாளுக்குப் பாதி கொடுப்பாள். அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, 'இவள் முதல் முப்பத்திரண்டு பக்கத்தையும் படித்தவள்' என்று நீலாம்பாள் நினைத்துக்கொள்வாள். நினைக்கும்போது புறங்கையில் சூடான ஈயச் சொட்டு விழுந்ததுபோல இருக்கும்.

ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போன அனுராதா, ஆவணி பிறந்ததும் வந்தாள். சீராகத் தகப்பனார் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று மாமனாரும் மருமகனும் பேசி முடித்திருந்தார்கள். 'அனு கம்ப்யூட்டர் சென்டர்' என்று நீலத்தில் மஞ்சள் எழுத்தில் பலகைகூட எழுதியாகிவிட்டது.

"நீலா, ஒன் டப்பா சாமானையெல்லாம் அரிசிப்பானை கெடக்க ரூமுக்கு மாத்திக்கோ. கம்ப்யூட்டருக்கு வெளிச்சம் வேணும்லா" என்றான் அண்ணன்.

அவள் மாற்றினாள். ஈயச் சுருளை, கண்டென்சர் டப்பாவை, தலையில்லாத புத்தகத்தை. அரிசி அறையில் ஜன்னல் கிடையாது. சுவர் மீட்டரை மட்டும் எடுக்கவில்லை. அதைக் கேட்பாரும் இல்லை.

கம்ப்யூட்டரைப் பொருத்த திருநெல்வேலியிலிருந்து ஒரு ஆள் வந்தான். கார் நெல் அறுவடை நேரம். அரிசி மில் நாலும் முக்கி முனகி ஓடிக்கொண்டிருந்த மதியம். கரண்டு நூற்று எழுபதுக்கு மேல் ஏறவில்லை. அவன் மேசைக்கு அடியில் ஒரு பூஸ்டரை வைத்து, குறைந்த கரண்டைக் கூட்டிக்கொடுக்கும் அதன் குமிழைக் கடைசிக் கட்டம் வரை திருகினான். பெட்டி உயிர்பெற்றது. "இத யாரும் தொட்டுராதிய. இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

பார்வதியம்மாள் நல்ல நாள் பார்க்காமல் இனிமேல் போடக் கூடாது என்றாள். கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தி வைத்தார்கள். மதியம் எல்லோரும் படுத்திருக்கும்போது நீலாம்பாள் அந்தத் துணியைப் பைய விலக்கிப் பார்த்தாள். எழுத்துப் பலகையில் ஏன் ஏ, பி, சி வரிசையாக இல்லை? யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. சேலைக் கடை அட்டைப்பெட்டியின் மூடியில் பென்சிலால் அதை அப்படியே வரைந்துகொண்டாள். அரிசிப் பானைமேல் அட்டையை வைத்து, தன் பெயரை, அம்மா பெயரை, ரெசிஸ்டன்ஸ் என்பதை விரலால் தட்டித் தட்டிப் பழகினாள். மதினியின் பெயரை மட்டும் தட்டவில்லை.

நல்ல நாள் முடிவானது. "நெறஞ்ச அமாவாச. இதவிட நல்ல நாளு கெடையாது. தொட்டது நெறையும்" என்றாள் பார்வதியம்மாள். அடுக்களையில் நின்ற நீலாம்பாளின் கையிலிருந்த கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு கிண்ட ஆரம்பித்தது.

சொல்லலாம், இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்று நினைத்தாள். அப்புறம் நாலு நாள் இருக்கிறது என்று நினைத்தாள்.

அமாவாசை அன்று ஒன்பது நாற்பதுக்கு அவள் சுவர் மீட்டரைப் பார்த்தாள். இருநூற்று ஐம்பத்தெட்டு. வழக்கம்போல நோட்டில் எழுதினாள், நேரத்தோடு. கீழே பூஸ்டரின் குமிழ் கடைசிக் கட்டத்தில் அப்படியே இருந்தது. இருநூற்று ஐம்பத்தெட்டை அது கூட்டினால் முந்நூறைத் தாண்டும். பூஸ்டருக்கும் சொந்தமாக ஒரு மீட்டர் உண்டு; கண் உள்ள யாரும் பார்த்துவிடலாம். ஆனால் பார்வதியம்மாள் காலையிலேயே கம்ப்யூட்டருக்கும் பூஸ்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். பூஸ்டரில் வட்டமாகக் கண்ணாடி இருக்கவே, நெற்றிபோலத் தோன்றியதோ என்னவோ, சரியாக அதன்மேல் அப்பி வைத்திருந்தாள். முள் சந்தனத்துக்குள் போய்விட்டது.

முன்னறை நிறைய ஆட்கள். அனுராதாவின் தகப்பனார், சங்கத்துக்காரர்கள் நாலு பேர், அடுத்த வீட்டு உலகம்மாள், சமாதானமாகி வந்திருந்த மைதீன் பாத்திமா. நீலாம்பாள் காப்பித் தட்டோடு கதவு வரை வந்தாள். இரண்டு அடி உள்ளே வைத்தாள். அவள் கண் பூஸ்டரில் இருந்தது. கை தானாக அந்தக் குமிழ் பக்கம் நீண்டிருக்க வேண்டும்.

"நீலா, நீலா, அதத் தொட்டுராத! ஷாக் அடிச்சிரும்" என்று அனுராதா அவள் கையைப் பிடித்து, சின்னப் பிள்ளையை நகர்த்துவதுபோல அன்பாக நகர்த்தினாள்.

"அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும். ஏ நீலா, நீ போயி காப்பியப் பாரு" என்றான் அண்ணன்.

என்ன தெரியும் என்று இவன் சொல்கிறான். இவனா?

நீலாம்பாள் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். "கூச்சப்படுதா" என்று உலகம்மாள் சிரித்தாள். நீலாம்பாளின் நாக்கு நுனியில் 'போடாதிய' என்ற சொல் இருந்தது. அதை அவள் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். எரியட்டும். ஒரே ஒரு நாள் இவளுக்கும் தெரியாமல் போகட்டும்.

பத்தேகாலுக்கு அனுராதா சுவிட்சைப் போட்டாள்.

திரையில் எழுத்து வந்தது. எல்லோரும் கைதட்டக் கை தூக்கினார்கள். உள்ளே ஒன்று வெடித்தது. உடனே இன்னொன்று. பெட்டியின் பின்புறத்திலிருந்து கரிந்த மீன் நாற்றத்தோடு புகை எழுந்து சான்றிதழ்ச் சட்டம் வரை போயிற்று.

"நெறஞ்ச அமாவாசைன்னிய. நெறஞ்சிட்டு பாருங்க, பொகை" என்றாள் உலகம்மாள். யாரோ ஒருவர் சிரித்து, சிரித்ததை இருமலாக்கினார்.

"ஏ காந்தி, நீதான் ரிப்பேர்ல புலியாச்சேவே. தொறந்து பாரு" என்றார் சங்கத்துக்காரர் ஒருவர்.

காந்திமதிநாதன் பெட்டியைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் இருந்து ஒன்றும் வரவில்லை. அவன் முகம் கறுத்துப் பொண்டாட்டி பக்கம் திரும்பியது. "என்னத்தப் படிச்சே? ஒரு சுவிட்சப் போடத் தெரியல, இதுக்கு ஒரு போர்டு!"

அனுராதாவின் தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழவில்லை. கம்ப்யூட்டரின் மீது போர்த்தியிருந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததை மறுபடி பிரித்து மடித்தாள்.

மறுநாள் பலகையைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். கம்ப்யூட்டரையும் ஏற்றினார்கள். "மேச சும்மாதான கெடக்கு, நீலா, ஒன் சாமான இங்கனயே கொண்டாந்துக்கோ" என்றான் அண்ணன். நீலாம்பாள் விரும்பியதெல்லாம் கிடைத்துவிட்டது. ஜன்னல், வெளிச்சம், மேசை. உட்கார்ந்து ஒரு டிரான்சிஸ்டரைத் திறந்தாள். எதிர்ச் சுவரில் சான்றிதழ் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. ஈயம் ஒரு இடத்திலும் ஒட்டவில்லை. இதற்கு முன்னும் அவள் எவ்வளவோ தோற்றிருக்கிறாள். ஜெயித்த பிறகும் ஒட்டாமல் போகும் என்று யாரும் சொல்லவில்லை.

எட்டாம் நாள், கறிவேப்பிலை கேட்டு வந்த உலகம்மாள் அடுக்களை வாசலில் நின்று அனுராதாவிடம், "ஒங்க அப்பா வேற ஒண்ணு வாங்கித் தரமாட்டாகளா?" என்றாள்.

"வேண்டாம் சித்தி. எனக்கு ராசியில்ல. நான் தொட்டா வெளங்காது" என்றாள் அனுராதா. எந்த மேல்பூச்சும் இல்லாமல், 'இன்றைக்கு வெயில்' என்பதுபோலச் சொன்னாள்.

மேசையில் இருந்த நீலாம்பாளுக்கு அது காதில் விழுந்தது. இரக்கம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது கோபம். முதல் முப்பத்திரண்டு பக்கத்தையும் படித்த ஒருத்தி ராசி என்கிறாளா? இவளைப் பார்த்தா மூணு மாசமாக எரிந்தோம்? ஜெயிக்க நினைத்தது அந்தப் படிப்பைத்தான். அது இப்படி விழுந்து கும்பிடுவதைப் பார்க்க அல்ல.

உலகம்மாள் போனதும் நோட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அடுப்படித் திட்டில் விரித்து வைத்தாள்.

"மதினி, ராசி இல்ல. இருநூத்தி அம்பத்தெட்டு."

அனுராதாவுக்குப் புரியவில்லை. நோட்டைப் பார்த்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம், பிறகு பின்னோக்கி, மூன்று வருஷம். விரல் ஒவ்வொரு அமாவாசையிலும் நின்றது.

"இது யாரு எழுதுனது? அவுகளா?"

"நான்."

"ரேடியோ பாக்குறது?"

"நான்தான்."

அனுராதாவின் விரல் கடைசிப் பக்கத்துக்கு வந்தது. "ஒம்பது நாப்பதுன்னு போட்டிருக்க. நான் பத்தேகாலுக்குப் போட்டேன்."

"ஆமா."

"எல்லாரும் இருந்தாகன்னு வெக்கமா இருந்துதா, நீலா?"

ஊரே அவளுக்காக இத்தனை வருஷம் எடுத்து நீட்டிய சமாதானம் அது. வாங்கிக்கொண்டால் போதும். தலையை ஆட்டினால் முடிந்தது.

"இல்ல மதினி" என்றாள் நீலாம்பாள். "பொறாம."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அணைக்கவில்லை. பிறகு அனுராதா அணைத்தாள். நோட்டை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

இரண்டு நாள் பேச்சில்லை. பூவில் பாதியும் வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் பரணில் சத்தம் கேட்டது. அனுராதா தனியாகவே பெட்டியை இறக்கி மேசைமேல் வைத்து, திருப்புளியை நீலாம்பாளின் முன் போட்டாள். "தொற" என்றாள். மன்னித்த குரல் இல்லை அது.

நீலாம்பாள் பவர் சப்ளை டப்பாவைக் கழற்றினாள். உள்ளே கையை விடுமுன் ஒரு பல்பின் இரண்டு ஒயரைக் கண்டென்சரின் கால்களில் வைத்தாள். தங்கியிருக்கும் கரண்டு இறங்கட்டும் என்று. அனுராதா உற்றுப் பார்த்தாள். இரண்டு பெரிய கண்டென்சர்கள் வயிறு வெடித்துக் கிடந்தன. ஃப்யூஸ் கறுத்துவிட்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு டயோடும் செத்திருந்தது. நல்ல காலம், அதற்கு அப்பால் நெருப்பு போகவில்லை.

மறுநாள் இருவரும் திருநெல்வேலி பஸ் ஏறினார்கள். ஜங்ஷன் கடையில் நீலாம்பாளுக்கு வாய் வரவில்லை. அனுராதாவுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவள் காதில் இவள் முணுமுணுக்க, இவள் சொன்னதை அவள் சத்தமாகக் கடைக்காரரிடம் சொன்னாள். "அந்தம்மா ஊமையா?" என்றார் கடைக்காரர். "ஊமையா இருந்திருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும்" என்றாள் அனுராதா. நீலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். அது அவளுக்கு வேண்டியதுதான்.

பற்றவைக்கும்போது அனுராதா எதிரே உட்கார்ந்து, எதற்காகவோ அந்தத் தலையில்லாத புத்தகத்தைப் புரட்டினாள். "முன்னால உள்ள பக்கம்லாம் எங்க?"

"கெடையாது. அதுல என்ன இருந்திருக்கும் மதினி?"

அனுராதா நோட்டின் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதி, மூன்று எழுத்தும் எதைக் குறிக்கும் என்று சொன்னாள். தள்ளுகிறது, ஓட்டம், தடை. நீலாம்பாள் அதைப் பார்த்தாள். பிறகு தன் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, பதினேழு வயதில் எழுதியதைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான்.

"இவ்வளவுதானா?" என்றாள். பெருமை வரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தது. ஒரு வரிக்காக ஒன்றரை வருஷம்! மதினிக்கு ஒரு மணி நேர வகுப்பில் கிடைத்திருக்கும்.

பூஸ்டரின் குமிழை இறக்கி, கண்ணாடியில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, நீலாம்பாளே சுவிட்சைப் போட்டாள். திரை வெளுத்தது. அனுராதா நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். "ஒன் கணக்க நீயே ஏத்து. அமாவாசைய நானும் பாக்கணும்."

நீலாம்பாள் தேடாமல் தட்டினாள். விரல்கள் அட்டையில் பழகிய இடத்துக்கே போயின. "எங்கன படிச்ச?" என்று அனுராதா திகைத்தாள். நீலாம்பாள் அரிசி அறையிலிருந்து அட்டை மூடியைக் கொண்டுவந்து காட்டினாள். அனுராதா அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று முதல் முறையாக அவள் முகத்தில் இருந்தது என்னவென்று நீலாம்பாளுக்குத் தெரிந்தது. கண்ணாடியில் தன் முகத்தில் அடிக்கடி பார்த்ததுதான், பொறாமை.

அனுராதா ஆறேழு வரி எழுதினாள். நாளுக்கு ஒரு வரியாக, கரண்டின் அளவுக்குத் தக்கபடி திரையில் நட்சத்திரக் குறிகள் ஓடின. அமாவாசை வரும் இடத்திலெல்லாம் வரி நீண்டு துருத்திக்கொண்டு நின்றது. நாலு மாதம் சுவரைப் பார்த்துக் கண்டுபிடித்ததை அந்தப் பெட்டி கண் மூடித் திறப்பதற்குள் காட்டிவிட்டது. இப்போது பெட்டியின்மீதும் பொறாமை வந்தது.

பலகை மறுபடி ஏறியது. மேசையின் ஒரு பாதியில் கம்ப்யூட்டர், மறு பாதியில் ரேடியோக்கள். ஆறு பிள்ளைகள் படிக்க வந்தார்கள். அடுத்து வந்தது புரட்டாசி மஹாளய அமாவாசை. 'அமாவாசை விடுமுறை' என்று அனுராதா அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டாள்.

உலகம்மாள் பார்த்துவிட்டு உருகிப்போனாள். "படிச்ச புள்ளையா இருந்தாலும் முன்னோருக்கு உள்ளத விடல பாரு. கடைய அடச்சு வெரதம் இருக்கா. பார்வதி, நீ குடுத்து வச்சவ."

முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த அனுராதா வாயைத் துடைத்தாள். "வெரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல சித்தி. இன்னைக்கு அரிசி மில்லெல்லாம் லீவு, கரண்டு கூடிரும். கண்டுபிடிச்சது நீலா. ஒங்க வீட்டு ரேடியோவ சரியாக்குனதும் அவதான். இவுகளுக்கு பல்பு மாட்டக்கூட வராது."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த காந்திமதிநாதன் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

"ஏளா நீலா! நீயா? எங்கட்டி இருக்க, வெளிய வா!" என்று உலகம்மாள் கூப்பிட்டாள்.

நீலாம்பாள் கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். இந்த முறை உண்மையாகவே வெட்கம். காது சுட்டது. ஆனாலும் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். இன்னொருத்தியின் பெயரை நாலு பேர் முன்னால் சொல்ல மதினிக்கு ஒரு முறுக்கைக் கடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. தனக்கு ஒரு சொல்லைச் சொல்ல எட்டு நாள் ஆனது. இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எதைத் திறந்து பார்த்துப் படிப்பது?

கதவின் இடுக்கு வழியாக மதினியைப் பார்த்தாள். பொறாமையாகத்தான் இருந்தது. பிறகு கதவை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.